டைம்டேபிள் அக்காவும் காற்றடிக்கும் பெட்டியும்

பஸ் டிப்போவில் அவளுடைய சொந்தப் பெயரைச் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் பார்க்கலாம். மற்றபடி எல்லோருக்கும் அவள் டைம்டேபிள் அக்கா. ஆறு பத்துக்கு வண்டி என்றால் ஆறு பத்துக்கு வண்டி. அதற்குப் பிறகு மூச்சிரைக்க ஓடி வந்து கதவைத் தட்டுகிறவர் டிப்போ மேனேஜரின் மாமியாராகவே இருந்தாலும், கண்ணாடியில் ஒரு பார்வை பார்த்துவிட்டு கியரைப் போட்டுவிடுவாள். ஜனங்கள் திட்டாமல் இருப்பார்களா? வாயாரத் திட்டினார்கள். அதே ஜனங்கள்தான் அவள் வண்டி தெருமுனை திரும்பும் சத்தத்தை வைத்து வீட்டுக் கடிகாரத்தைத் திருத்திக்கொண்டார்கள்.

வருஷா வருஷம் டிப்போவில் ஒருநாள்கூடத் தாமதமாக வராதவருக்கு ஒரு பரிசு கொடுப்பார்கள். வருஷா வருஷம் அதை அவளேதான் வாங்குவாள். வருஷா வருஷம் அது சுவர்க் கடிகாரமாகவே இருக்கும். நேரம் தவறாதவளுக்குக் கடிகாரம் கொடுப்பது வழுக்கையே விழாதவனுக்கு முடி வளரும் தைலம் கொடுப்பது மாதிரி என்று யாருக்கும் தோன்றவில்லை. ஹாலில் ஒன்று, படுக்கையறையில் ஒன்று, குளியலறை வாசலில் ஒன்று என்று மாட்டி, இனி ஆணியடிக்கச் சுவர் இல்லை என்கிற நிலைமை வந்தபோது, நல்லவேளையாகக் கடையில் பரிசுப் பொருள் வாங்கிவரும் குமாஸ்தா மாற்றலாகிப் போனார். புதிதாக வந்தவர் எந்தக் கடையில் எந்தத் தள்ளுபடியில் பிடித்தாரோ, இந்தத் தடவை மேடையில் ஒரு பெரிய அட்டைப்பெட்டியைத் தூக்கிக் கொடுத்தார்கள்.

வீட்டில் அதைப் பிரித்தது அவள் புருஷன். அவர் பூட்டு, சாவி ரிப்பேர் செய்கிறவர். திருகாணி உள்ள எதைப் பார்த்தாலும் அவருக்குக் கை அரிக்கும். உள்ளே கறுப்பு நிறத்தில் ஒரு பெட்டி, முன்னால் கண்ணாடிக் கதவு, அடுக்கடுக்காகச் சல்லடைத் தட்டுகள், பின்னால் ஒரு விசிறி, சூட்டைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகு, நேரம் வைக்க ஒரு திருகு.

"டீஹைட்ரேட்டராம்" என்றார் புத்தகத்தைப் பார்த்து. "சூடான காத்த அடிச்சு கறி, பழம், காயெல்லாம் காயவைக்குமாம். நெருப்பே கிடையாது."

"காத்தடிச்சு சமைக்கிற அளவுக்கு நம்ம வீட்டுல கேஸுக்குப் பஞ்சம் வந்துடுச்சா?" என்றாள் அண்ணி. பெட்டி பரணுக்குப் போயிற்று.

அண்ணி என்றால் புருஷனின் அக்கா. அவளைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்லிவிட்டுத்தான் மேலே போக வேண்டும், இல்லாவிட்டால் பாவம். இளவயதிலேயே கணவனை இழந்து தம்பி வீட்டுக்கு வந்தவள். வந்த நாளிலிருந்து சமையலறை அவள் ராஜ்யம். டைம்டேபிளுக்கு விடிவதற்குள் டூட்டி. ஒரே மகள் பிறந்து, பால் குடி மறந்து, பள்ளிக்கூடம் போய், கல்லூரி முடிக்கிற வரை அந்தப் பிள்ளைக்குச் சோறு ஊட்டியது, டிபன் கட்டியது, காய்ச்சலில் கஞ்சி வைத்தது எல்லாமே அத்தைதான். குழந்தை காய்ச்சலில் அனலாகக் கொதித்த காலைகளில்கூட, "நீ கிளம்பு, நான் பாத்துக்கறேன்" என்று சொல்லி அனுப்பிவைத்தவள் அண்ணி. அவள் மட்டும் இல்லையென்றால் டைம்டேபிள் அந்த ஸ்டியரிங்கை எப்போதோ விட்டிருக்க வேண்டும்.

டைம்டேபிள் அடுப்புப் பக்கம் போனதே இல்லை என்று சொல்ல முடியாது. போயிருக்கிறாள். எதை வைத்தாலும் அடுப்பை முழுசாகத் திருகிவிடுவாள், ஏனென்றால் வண்டிக்கு நேரமாகிறது. அடியில் கரியும் மேலே பச்சையுமாக ஒன்று வந்து நிற்கும். "எங்க தம்பி பொண்டாட்டி சுடுதண்ணி வச்சாக்கூட அடிப்பிடிச்சுடும்" என்று அண்ணி வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லுவாள். கேட்டு முதலில் சிரிப்பது டைம்டேபிள்தான். சிரித்ததெல்லாம் வாய் மட்டும். பெற்ற பிள்ளைக்கு நம் கையால் ஒருவாய் உருப்படியாகக் கொடுத்ததில்லையே என்கிற முள் உள்ளுக்குள் குத்திக்கொண்டேதான் இருந்தது.

அந்த மகள் படித்துப் பெரியவளாகி மலையுச்சியில் ஒரு வானிலை நிலையத்தில் வேலைக்குப் போனாள். காற்று எவ்வளவு வேகம், பனி எவ்வளவு ஆழம் என்று அளக்கிற வேலை. குளிர்காலத்தில் பனி கொட்டிப் பாதை அடைத்துக்கொண்டால், அது உருகுகிற வரை ஒரு சின்னக் குழு மட்டும் மேலேயே தங்கி அளந்துகொண்டிருக்கும். அந்தக் குழுவில் இடம் பிடிப்பதுதான் கல்லூரி நாளிலிருந்து அவள் கண்ட கனவு. இடமும் கிடைத்தது. வந்த வினை சாப்பாட்டில் வந்தது. மேலே எல்லாம் டப்பா உணவு. டப்பாவைத் திறந்ததும் அடிக்கிற வாடைக்கே அவளுக்குக் குமட்டும். ஒவ்வொரு லீவுக்கும் இளைத்துக்கொண்டே வந்தாள். கடைசியாக வந்தபோது வாட்ச் முழங்கை வரை ஏறியது.

"பாதை அடைக்கறதுக்கு முன்னாடி டாக்டர் மேல வருவார்மா" என்றாள் மகள். "எல்லாரையும் எடை போடுவார். இன்னும் குறைஞ்சிருந்தா கீழ இறக்கிடுவாங்க. இறக்கிட்டா அவ்வளவுதான், அந்த எடத்துக்கு ஆளுங்க வரிசையில நிக்கறாங்க."

அண்ணி சும்மா இருப்பாளா? கறியை எண்ணெயில் மொறுமொறுவென்று வறுத்து அனுப்பினாள். மலையேறுவதற்குள் சிக்கு வாடை வந்துவிட்டது. ஊறுகாய் அனுப்பினாள். ஜாடி உடைந்து யாரோ ஒரு ஆராய்ச்சியாளரின் கம்பளிச் சட்டையில் ஊறியது. கைவைத்தியம் எதுவும் பலிக்காத கோபத்தில், "வேலைய விட்டுட்டு வந்து சேரச் சொல்லு. காத்த அளந்து யாருக்கு என்ன ஆகப்போகுது?" என்று ஒரேயடியாகச் சொல்லிவிட்டாள். சொல்லிவிட்டு மூக்கைச் சிந்திக்கொண்டாள். அவளும்தான் என்ன செய்வாள்.

அன்றைக்குத்தான் டைம்டேபிளுக்குப் பரண் ஞாபகம் வந்தது. ஸ்டூல் போட்டு ஏறிப் பெட்டியை இறக்கினாள். புத்தகத்தை எழுத்துக்கூட்டாத குறையாகப் படித்தாள். காயவைத்த கறி, மடித்தால் பாக்கெட்டில் அடங்கும், தூக்கினால் கனக்காது, ஒழுங்காகச் செய்தால் சீக்கிரம் கெடாது, டப்பா வாடை கிடையாது. எல்லாவற்றுக்கும் மேலே, முதலில் ஆவி காட்டுவதோடு அடுப்பு வேலை தீர்ந்தது.

கசாப்புக் கடையில் கொழுப்பில்லாத தொடைக்கறியாகக் கேட்டு வாங்கினாள். வழக்கமாகக் குழம்புக்கு வெட்டுகிற மாதிரியே தடித்தடியாக வெட்டி, உப்பு, மிளகு, பூண்டு போட்டு ஊறவைத்து, புத்தகம் சொன்னபடி முதலில் ஆவியில் உள்வரை சூடேற்றி, தட்டில் அடுக்கிப் பெட்டிக்குள் தள்ளினாள். ஆறு மணி நேரம் என்று போட்டிருந்தது. ஆறு மணி நேரம் வைத்தாள். மணி அடித்தது. பஸ் வந்து சேர வேண்டிய நேரத்துக்கு வந்து சேர்ந்தாயிற்று, இனி என்ன கேள்வி? சுடச்சுட அள்ளிப் பையில் போட்டு, வாயை ஒட்டி, மலைக்குச் சாமான் ஏற்றிப் போகும் ஜீப்பில் கொடுத்துவிட்டு, நேராக டூட்டிக்குப் போனாள். அன்று வண்டி ஓட்டும்போது பாட்டு வேறு.

மறுவாரம் மகள் போன் செய்தாள். குரலே சரியில்லை.

"கோவிச்சுக்காதம்மா. பைக்குள்ள வேர்த்துப்போயிருக்கு. கறில பச்சையா பூஞ்சை. நாங்க யாரும் சாப்பிடல, தூக்கிப் போட்டுட்டோம்."

அண்ணி பக்கத்திலேயே நின்று கேட்டாள். "நான் வாயே தொறக்கல பாத்துக்க" என்று மட்டும் சொன்னாள். அதற்கு வாயைத் திறந்தே திட்டியிருக்கலாம்.

அவமானம் ஒருபுறம் இருக்கட்டும், மகளின் குரலில் தெரிந்த பசிதான் டைம்டேபிளை வாட்டியது. பெட்டிக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து அதையே முறைத்துக்கொண்டிருந்தாள். "புக்குல போட்ட நேரத்துக்குத்தானே எடுத்தேன். ஒரு நிமிஷம்கூட முன்னப் பின்ன இல்லையே!"

புருஷன் அதிகம் பேசாதவர். அக்காவுக்கும் பெண்டாட்டிக்கும் நடுவில் இத்தனை வருஷம் குடித்தனம் செய்தவர் வேறெப்படி இருப்பார்? அன்று வாயைத் திறந்தார். "நான் சாவி போடறப்போ கடிகாரத்தப் பாக்கறதில்ல. பூட்டு தொறந்துச்சான்னுதான் பாக்கறேன்" என்று சொல்லிவிட்டு அரத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

டைம்டேபிளுக்கு முதலில் கோபம் வந்தது. பிறகு உறைத்தது. இத்தனை காலம் எந்தக் குணத்துக்காகப் பரிசு வாங்கினாளோ அந்தக் குணம்தான் கறியைக் கெடுத்திருக்கிறது. கறிக்கு டைம்டேபிள் தெரியாது. மழை நாளில் காற்றில் ஈரம் இருந்தால் அது இன்னும் கொஞ்ச நேரம் கேட்கும். தடியாக வெட்டினால் வெளியே தோலாகிவிட்டு உள்ளே ஈரமாக உட்கார்ந்திருக்கும். சூட்டோடு பையில் அடைத்தால் பைக்குள்ளேயே வேர்க்கும்.

அதன்பிறகு பெட்டி பரணுக்குப் போகவே இல்லை. கறியை ஃப்ரீசரில் வைத்துப் பாதி இறுகியதும் வெட்டினால் காகிதம் மாதிரி மெல்லிசாக வரும் என்று கண்டுபிடித்தாள். மேலே கசியும் கொழுப்பைத் துணியால் ஒற்றி எடுக்காவிட்டால் சிக்கு வாடை வரும் என்று தெரிந்துகொண்டாள். ஒரு துண்டை எடுத்து மெதுவாக வளைக்க வேண்டும். ஈரத்தோல் மாதிரி சாதுவாக மடிந்தால் இன்னும் ஆகவில்லை. குச்சி மாதிரி படக்கென்று முறிந்தால் அளவு மீறிவிட்டது. வளையும்போது மேலே விரிசல் விட்டு, உள்ளே வெள்ளையாக நார் தெரிந்து, ஆனாலும் உடையாமல் நின்றால் அதுதான் பதம். ஒருதடவை இடமிருக்கிறதே என்று பூண்டுக் கறிக்கு மேல்தட்டில் ஆப்பிளையும் வாழைப்பழத்தையும் அடுக்கிவிட்டாள். பூண்டு மணக்கும் ஆப்பிளை உலகத்தில் முதன்முதலில் சாப்பிட்டவர் அவள் புருஷன். நல்லாத்தான் இருக்கு என்று சொன்னார், மகாத்மா.

ருசி பார்த்தது டிப்போ. கண்டக்டர்கள், மெக்கானிக்குகள், டிக்கெட் கவுண்டரில் இருக்கும் சிடுமூஞ்சி உட்பட எல்லோரும். முதல் வாரம் "அக்கா, பல்லு போச்சு" என்றார்கள். அப்புறம் "மிளகு தூக்கல்" என்றார்கள். பிறகு ஒருநாள் அவள் பையைத் திறந்தபோது பை காலி. எடுத்தவன் யாரென்று கேட்டால் ஒருத்தனைக் காட்டி ஒருத்தன் சிரித்தான். திருட்டுப் போகிற அளவுக்கு ருசி வந்துவிட்டது என்று அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

அதற்குள் நாள் நெருங்கிவிட்டது. டாக்டர் மேலே போவதற்கு முந்தைய கடைசி சாமான் ஜீப் மறுநாள் மதியம் கிளம்புகிறது என்று தகவல் வந்தது. அதை விட்டால் மகளுக்கு டப்பாதான், தராசுதான், கீழே இறங்கும் வண்டிதான். ஆப்பிள், வாழை, கேரட் எல்லாம் ஏற்கெனவே காய்ந்து, சில நாள் ஜாடியில் குலுக்கிப் பார்த்து, ஈரம் இல்லையென்று தெரிந்து தயாராக இருந்தன. கறி மட்டும் பாக்கி. இரவே அடுக்கி ஓடவிட்டுப் படுத்தாள். வானத்துக்கு வேறு நாளே கிடைக்கவில்லை. ராத்திரி பிடித்த மழை விடியப்போகிற நேரத்திலும் விடாமல் ஊற்றிக்கொண்டிருந்தது.

மணி அடித்தது. டைம்டேபிள் யூனிஃபார்ம் போட்டு, பையை மாட்டிக்கொண்டு, பெட்டியைத் திறந்து ஒரு துண்டை எடுத்து வளைத்தாள். சாதுவாக மடிந்தது. இன்னொன்று. அதுவும் மடிந்தது.

"எத்தனை நேரம் ஆகும்?" என்றார் புருஷன்.

"அதுக்குத்தான் தெரியும்."

சுவரில் இருந்த அத்தனை கடிகாரமும் ஒரே குரலில் கிளம்பு என்றன. அண்ணி சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "நீ கிளம்பு. நான் பாத்துக்கறேன்."

நல்ல மனசோடுதான் சொன்னாள். ஆனால் பதம் அவள் கைக்குத் தெரியாது. டைம்டேபிள் பையைக் கழற்றிக் கீழே வைத்தாள்.

"இல்ல அண்ணி. இத நான்தான் பாக்கணும்."

டிப்போவுக்கு போன் போட்டாள். எடுத்தவர் டைம் கீப்பர். இன்றைக்கு டூட்டிக்கு வரவில்லை, வேறு ஆளைப் போட்டு வண்டியை எடுங்கள் என்று அவள் சொன்னதும் அவர் பதறிப்போனார்.

"அக்கா... வீட்டுல யாருக்கு என்ன ஆச்சு?"

"யாருக்கும் ஒண்ணும் ஆகல. கறி காயல."

"என்னது?"

"கறி காயலப்பா. காஞ்சாதான் வருவேன்."

டைம் கீப்பர் போனை வைத்துவிட்டு, அக்காவுக்கு மூளை பிசகிவிட்டது என்று டிப்போ முழுக்கச் சொன்னாராம். சொல்லட்டும்.

அவள் தட்டுகளை மாற்றி மாற்றி வைத்தாள். மேல்தட்டு கீழே, கீழ்த்தட்டு மேலே. புருஷன் சன்னல்களைச் சாத்திவிட்டு, சாமான் ஏற்றும் இடத்துக்கு ஸ்கூட்டரில் எப்படிப் போனால் சீக்கிரம் என்று மனக்கணக்குப் போட்டார். அண்ணி கொஞ்ச நேரம் வாசற்படியில் நின்று பார்த்தாள். அப்புறம் வந்து பக்கத்தில் உட்கார்ந்து, "அந்தப் பதம்ங்கறியே, அது எப்படி? எனக்கும் காட்டேன்" என்றாள். அந்தச் சமையலறையில் அண்ணி இன்னொருத்தரிடம் பதம் கேட்டது அதுதான் முதல் தடவை.

மழை நிற்கவில்லை. பெட்டியும் நிற்கவில்லை. கடைசியில் ஒரு துண்டை வளைத்தபோது மேலே மெல்லிய விரிசல் விட்டது, உள்ளே வெள்ளை நார் எட்டிப் பார்த்தது, உடையவில்லை. "ஆச்சு!" என்று டைம்டேபிள் போட்ட சத்தத்தில் மாடிவீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

ஆயிற்று, ஆனால் ஆறவில்லை. சூட்டோடு அடைத்தால் மறுபடி அதே பூஞ்சைதான். ஜீப்புக்கு நேரமாகிறது. "போற வழியில ஆறிடாதா?" என்றார் புருஷன். "ஆறாது. இங்கயே ஆறட்டும்" என்றாள். இதைச் சொன்னது டைம்டேபிள்தானா என்று அவர் ஒருதடவை திரும்பிப் பார்த்துக்கொண்டார். மூன்று பேரும் தட்டுகளை மேசையில் பரப்பி, ஃபேனைப் போட்டு, போதாததற்கு அட்டையால் விசிறினார்கள். தொட்டுப் பார்த்துக் குளிர்ந்துவிட்டது என்று தெரிந்த பிறகுதான் பைகள் திறந்தன. அண்ணி அடைக்க, அவள் ஒட்ட, அவர் ஸ்கூட்டரைக் கிளப்பினார்.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது ஜீப் கேட்டைத் தாண்டிக்கொண்டிருந்தது. டைம்டேபிள் ஸ்கூட்டர் நிற்பதற்குள் குதித்து, மழையில் ஓடி, ஜீப்புக்கு முன்னால் போய் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றாள். டிரைவர் பிரேக் போட்டுத் தலையை நீட்டினார். அவளைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்த அழகு இருக்கிறதே!

"அட, டைம்டேபிள் அக்காவா! போன மாசம் உங்க வண்டி பின்னால நான் எவ்வளவு தூரம் ஓடி வந்தேன் தெரியுமா? கண்ணாடில பாத்துட்டே போனீங்க. இப்ப சொல்லுங்க, என் எடத்துல நீங்க இருந்தா நிப்பீங்களா?"

"நிக்க மாட்டேன்" என்றாள் மழை வழியும் முகத்தோடு. "ஆனா நீங்க என்ன மாதிரி இல்ல, நல்லவரு. நீங்க நிப்பீங்க."

அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். பைகளை வாங்கிச் சாமான்களுக்கு நடுவே வைக்கவில்லை, நனையாமல் தன் சீட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். ஜீப் மறைகிற வரை அவள் அங்கேயே நின்றாள்.

அப்புறம் வாரக்கணக்கில் காத்திருப்பு. மறுநாள் டிப்போவில் அவளைப் பார்த்து எல்லோரும் "கறி காஞ்சுதாக்கா?" என்றுதான் வணக்கம் வைத்தார்கள். அவள் கவலைப்படவில்லை. மகளிடமிருந்து தகவல் இல்லாததுதான் கவலை. மேலே காற்று பலமாக இருந்தால் போன் கிடைக்காது. டாக்டர் போயிருப்பார், தராசு வைத்திருப்பார், என்ன சொன்னாரோ. வீட்டில் போன் சும்மா இருந்தாலே மூன்று பேரும் அதைப் பார்த்தார்கள்.

ஒரு சாயங்காலம் அது அடித்தது. டைம்டேபிள் ஸ்பீக்கரைப் போட்டாள். மூன்று தலைகளும் மேசைமேல் குனிந்தன.

"அம்மா! டாக்டர் வந்துட்டுப் போயிட்டார். எடை ஏறியிருக்கும்மா! ஏறியிருக்கு! நம்பாம ரெண்டு தடவ ஏத்திப் பாத்தார். கையெழுத்துப் போட்டுட்டார். பாதையை அடைச்சாச்சு, நான் மேலதான் இருக்கேன். பனி உருகற வரைக்கும் இங்கதான்!"

அண்ணி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். புருஷன் மேசையை ஓங்கித் தட்டினார், அந்த மனுஷனிடம் அவ்வளவு சத்தம் இருப்பதே அன்றுதான் தெரிந்தது. டைம்டேபிளுக்கு உடம்பெல்லாம் சந்தோஷம்.

"கறி... கெடலயா?" என்று ஒருவழியாகக் கேட்டாள்.

"கெடறதா? எங்க சீஃப் இருக்காரே, யாரையும் பாராட்டாத மனுஷன், பூட்டி வைக்கச் சொல்லியிருக்கார், இல்லன்னா பசங்க ஒரே நாள்ல காலி பண்ணிடுவாங்களாம். காத்து அளக்கப் போறப்போ பாக்கெட்ல போட்டுட்டுப் போறேன். அந்தக் குளிர்ல நின்னு மெல்லறப்போ... என்னம்மா சொல்றது! இங்க எல்லாரும் ஒரே கேள்விதான். இத யாரு செஞ்சதுன்னு."

டைம்டேபிள் போனை இன்னும் பக்கத்தில் இழுத்தாள்.

"நீ என்ன சொன்ன?"

"என்ன சொல்றது? எங்க அம்மான்னு சொன்னேன்."

டைம்டேபிள் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"சரியா கேக்கல" என்றாள், தெளிவாகக் கேட்ட பிறகும். "இன்னொரு தடவ சொல்லு."